ஏணி எட்டும் தூரம்

நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் நாம் சற்றுத் தாமதிப்பதுண்டு. பாண்டியனின் அரண்மனையை நக்கீரர் வருணிக்கும் பகுதி அது. நூல் பிடித்துத் திசை கண்டு மனை வகுத்த செய்தியைச் சொல்லிவிட்டுப் புலவர் வாயிலுக்கு வருகிறார். அதன் உயரம் எத்தனை கோல், எத்தனை முழம் என்று அவர் சொல்வதில்லை. வெற்றிக் கொடி ஏந்திய யானை, கொடியைத் தாழ்த்தாமல் உள்ளே நுழையக்கூடிய உயரம் என்கிறார். அளவுகோல் கட்டடத்திடம் இல்லை, உள்ளே வரவேண்டியவரிடம் இருக்கிறது. மாணவர்கள் இதை வருணனை நயம் என்று ஏட்டில் குறித்துக்கொள்வார்கள். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தோம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின் தீப் பாதுகாப்புப் பகுதியைப் படிக்க நேர்ந்த பிறகு அந்த எண்ணம் மாறிற்று. உயர்ந்த கட்டடம் ஒன்று எழ வேண்டுமானால் அதன் முன்னுள்ள சாலை 12 மீட்டருக்குக் குறையக் கூடாது, முட்டுச்சந்தாகவும் இருக்கக் கூடாது. வளாக வாயிலின் அகலம் குறைந்தது 6 மீட்டர். வாயிலுக்கு மேலே எதையாவது கட்டினால் அதனடியில் குறைந்தது 4.5 மீட்டர் வெளி விடவேண்டும். சுற்றிலும் 6 மீட்டர் இடம், அதுவும் 45 டன் எடையைத் தாங்கும் தரையாக. யானைக்குப் பதில் தீயணைப்பு வண்டி, கொடிக்குப் பதில் அதன் முதுகில் மடங்கிக் கிடக்கும் ஏணி. மற்றபடி நக்கீரர் கையாண்ட அளவுமுறையேதான்.

தமிழ் படித்தவருக்கு இந்த விதித்தொகுப்பில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் மிகச் சாதாரணமானது. சில மழைக்காலங்களுக்கு முன் ஒரு பத்திர வேலையாகப் புதுச்சேரியின் பழைய பகுதியில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். கீழே ஜவுளிக்கடை, நடுவில் கணக்குத் தணிக்கையாளர், மூன்றாம் மாடியில் நாம் தேடிப் போன அலுவலகம். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் உயிர்பெற்ற சில நிமிடங்களில் புகை வாசனை எழுந்தது. ஏதோ கம்பி கருகியிருந்தது, அவ்வளவே. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் இருபது பேர் ஒரே மாடிப்படியை நோக்கி நகர்ந்தோம். படியின் பாதியைக் காகிதக் கட்டுகள் அடைத்திருந்தன. மொட்டை மாடிக்குப் போகலாமா என்று கடைநிலை ஊழியரிடம் கேட்டோம்.

"மேல கதவு பூட்டியிருக்கு சார். சாவி ஓனர்கிட்ட."

"ஓனர் எங்கே இருக்கிறார்?"

"பாரீசுல சார்."

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பதிலில் வியப்பேதும் இராது. அந்நேரம் நமக்கும் சிரிப்புத்தான் வந்தது. சன்னல் வழியே கீழே பார்த்தபோது அது நின்றுவிட்டது. தெருவின் இருபுறமும் இருசக்கர வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. இரண்டாம் மாடி உயரத்தில் மின்கம்பிகளும் கேபிள் கம்பிகளும் சிடுக்காகத் தொங்கின. இந்தத் தெருவில் எந்த ஏணி எங்கே நின்று எந்தச் சன்னலை எட்டும் என்ற கேள்வி அன்று தொடங்கியது. அதற்கு விடை தேடியதில் நாம் எதிர்பாராத ஒரு வரலாறு கிடைத்தது.

அந்த வரலாற்றைத் தெருவிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த கட்டத் திட்டமே அதன் அடிப்படை. பின்னால் வந்தவர்கள் அதை ஏற்று வளர்த்தார்கள். 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் ஊர் வீழ்ந்தது. கோட்டையும் மதிலும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. பாரிசு உடன்படிக்கைக்குப் பின் 1765இல் ஊரைத் திரும்பப் பெற்ற லா தெ லோரிஸ்தோன், பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளின் மீதே நகரை மீண்டும் எழுப்பினார். வீடுகள் போயின, தெருக்கள் மிஞ்சின. எந்த ஊரிலும் எளிதில் அழியாதது தெருதான். அதன் அகலத்தை ஒருமுறை யாரோ முடிவு செய்துவிட்டால், முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பிறப்பவரும் அதற்குள்தான் நடக்கவேண்டும். பல்லக்கும் மாட்டுவண்டியும் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிக்கொள்ளப் போதிய அகலம் அன்று தாராளமான அகலம்.

அத்தெருக்களின் மேல் எழுந்த கட்டடங்கள் ஓரிரு தளங்களோடு நின்றன. சட்டம் தடுத்ததால் அன்று. செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுமை தாங்கும் சுவர்களை மேலே மேலே அடுக்குவது செலவு பிடித்த வேலை, வெயிலுக்கும் பொருந்தாது, தேவையும் இல்லை. இலக்கியத்தில் எழுநிலை மாடங்களுக்குக் குறைவில்லை என்றாலும் நம் ஊர்களில் மனிதர்கள் பெரும்பாலும் தரையோடுதான் வாழ்ந்தார்கள். கடற்கரையில் 1836இல் எழுந்த கலங்கரை விளக்கமும் கோயில், தேவாலயக் கோபுரங்களும் நெடுங்காலம் ஊரின் உயரங்களாக இருந்தன. அவற்றில் யாரும் மேசை போட்டு அமர்ந்து கோப்பு பார்த்ததில்லை. உயரமும் அலுவலகமும் ஒன்று சேர்ந்தது பின்னால்.

உயரத்துக்கு வரம்பு கட்டும் எண்ணம் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்திருந்தது. தெருவோர வீடுகள் 70 அடிக்கு மேற்படக் கூடாது என்று உரோமில் அகஸ்தஸ் விதித்தார். பின்னர் திராயான் அதை 60 ஆகக் குறைத்தார். இடிந்து விழுவதும் எரிவதும் அங்கே அன்றாடச் செய்திகள். பாரிசில் 1667ஆம் ஆண்டு ஆணை ஒன்று, தெருவை நோக்கிய சுவரின் உயரத்தை எட்டு துவாசுகளாக, அதாவது 16 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தியது. இவற்றைவிட முக்கியமானது 1783, 1784ஆம் ஆண்டுகளின் அரச ஆணைகள். கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதை அதன் முன்னுள்ள தெருவின் அகலத்தோடு அவை பிணைத்தன. அகன்ற தெருவில் உயர்ந்த வீடு, குறுகிய தெருவில் தாழ்ந்த வீடு. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தீயும் அந்தக் கணக்கில் இருந்தது. உயரம் என்பது கட்டடத்தின் சொந்தச் சொத்து அன்று, தெருவிடம் கேட்டுப் பெறவேண்டிய கடன் என்ற கருத்து இந்த ஆணைகளில்தான் தெளிவாக உருப்பெறுகிறது என்பது நமது கணிப்பு.

ஏணி அதற்குப் பிறகு வருகிறது. 1810 சூலையில் பாரிசில் ஆஸ்திரியத் தூதர் அளித்த நடன விருந்தில் பெருந்தீ மூண்டது. நெப்போலியனும் அவ்விருந்துக்கு வந்திருந்தார். மறு ஆண்டே நகரின் தீயணைப்புப் பணியை அவர் படைப்பிரிவாக மாற்றியமைத்தார். நூற்றாண்டு முடிவதற்குள் இரும்புச் சட்டமும் மின்தூக்கியும் சேர்ந்து கட்டடங்களை ஏணிக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயின. இலண்டனில் 1894ஆம் ஆண்டுச் சட்டம் 80 அடி என்று கோடு போட்டது. அதே 1894இல் வாஷிங்டனில் 164 அடி உயரத்தில் கெய்ரோ என்ற குடியிருப்புக் கட்டடம் எழுந்தது. தீப்பிடித்தால் எந்த ஏணியும் அதன் உச்சியை எட்டாது என்று அக்கம்பக்கத்தார் அஞ்சினர். 1899இல் உயர வரம்புச் சட்டம் வந்தது. 1910இல் அது திருத்தப்பட்டபோது கணக்கு தெருவுக்கே திரும்பியது: தெருவின் அகலம் எத்தனை அடியோ அதனுடன் 20 அடி. அந்த நகரை முதலில் வரைந்தவர் பிரான்சில் பிறந்த லான்ஃபான் என்பதை இங்கே ஒரு சுவைக்காகச் சொல்லி வைக்கிறோம்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் நடந்ததைச் சுவைக்காகச் சொல்ல முடியாது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படை விரைந்து வந்தது. ஏணியை உயர்த்தினார்கள். ஆறாம் மாடியளவில் அது நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடியின் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலோர் புலம்பெயர்ந்த இளம்பெண்கள். எட்டாத ஏணி, பூட்டிய கதவு. அதற்குப் பின் நடந்த பல விபத்துகளின் செய்திகளைப் படிக்கும்போது இவ்விரண்டில் ஒன்று எங்கோ தட்டுப்படுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்கு அறிமுகம் தேவையில்லை. 1959இல் திறக்கப்பட்டபோது இந்தியாவின் மிக உயர்ந்த கட்டடம் அது. அலுவலகத்துக்கென்றே எழுந்தது. பதினான்கு மாடி என்று ஊர் சொல்லும். பட்டணத்துக்கு வந்ததைக் காட்டவேண்டுமானால் திரைப்படக் கதாநாயகன் அதை அண்ணாந்து பார்த்தாக வேண்டும். 1975 சூலையில் அதில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படையின் கையிலிருந்த ஏணிகளால் மேல்மாடிகளை எட்ட முடியவில்லை. அவ்வுயரத்தை எட்டும் கருவி தம்மிடம் உண்டா என்று பதினாறு ஆண்டுகள் கேளாமல், நகரம் அக்கட்டடத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையே, 1967 நவம்பரில், பிரான்சு ஓர் ஆணையைப் பிறப்பித்தது. குடியிருப்பல்லாத கட்டடங்களுக்கு, அலுவலகங்கள் உள்ளிட்டு, 28 மீட்டரைத் தாண்டினால் அது பேருயரக் கட்டடம், அதற்குத் தனி விதிகள். குடியிருப்புக்கு வரம்பு 50 மீட்டர். எண்களைவிட அளக்கும் முறைதான் நம்மை ஈர்க்கிறது. அந்த ஆணை உச்சி வரை அளப்பதில்லை. கடைசி மாடியின் தரையிலிருந்து அளக்கத் தொடங்குகிறது. முடிவது கட்டடத்தின் அடியிலும் அன்று, தீயணைப்பு வண்டிகள் வந்து நிற்கக்கூடிய மண்ணில். மேலே சிக்கிக்கொண்ட மனிதனின் காலுக்கும் கீழே ஏணியின் காலுக்கும் இடையேயுள்ள தூரம்தான் அந்தச் சட்டத்தின் பார்வையில் உயரம். அன்றைய ஏணிகள் சுமார் 30 மீட்டர் நீண்டன, எனவே 28. அமெரிக்க விதியும் ஏறத்தாழ இவ்வாறே அளந்து 75 அடியில் நிற்கிறது.

புதுச்சேரிக்கு இந்த ஆணை வந்து சேரவில்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான ஒப்படைப்பும் முடிந்துவிட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தெருவை விட்டுச் சென்றார்கள், ஏணிக் கணக்கை அவர்கள் கற்றது ஐந்தாண்டு கழித்து. புதுச்சேரி தனக்கென 1969இல் நகர், ஊரமைப்புச் சட்டம் இயற்றிக்கொண்டது. தேசிய விதித்தொகுப்பின் முதற்பதிப்பு 1970இல் வந்தது. அது தானாகச் சட்டமாகிவிடாது, மாநிலங்களோ உள்ளாட்சிகளோ தம் விதிகளில் ஏற்றுக்கொண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். அதன் இன்றைய கணக்கில் 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர் கட்டடம், அளப்பது தரையிலிருந்து மொட்டை மாடித் தளம் வரை. தமிழ்நாடு 2019இல் தன் எல்லைக்குள் அந்த வரம்பை 18.30 மீட்டராக உயர்த்தியது. ஏறத்தாழ ஒரு மாடி. இந்த மாற்றத்துக்கு நியாயங்கள் இருக்கலாம், நகரில் இடம் அரிது. ஆனால் காகிதத்தில் கோடு மேலே நகரும்போது கீழே தெரு ஓர் அங்குலமும் அகலவில்லை என்பதை எண்ணாமல் இருக்க இயலவில்லை.

உயரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் தவறு. பெங்களூரில் 2010 பிப்ரவரி 23 அன்று கார்ல்டன் டவர்ஸ் என்ற ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். கொன்றது பெரும்பாலும் புகை. மின்கம்பிகள் செல்லும் குழல்வழியே மேலேறிய புகையிலிருந்து தப்பச் சன்னல் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்களும் உண்டு. சரியாக ஒரு மாதம் கழித்து மார்ச் 23 அன்று கொல்கத்தா பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட்டில் 43 பேர் மாண்டனர். ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம், அலுவலகங்களும் வீடுகளும் கலந்தது. அதன் மேல் இரண்டு தளங்கள் பிற்காலத்தில் அனுமதியின்றி ஏற்றப்பட்டவை. இப்படி ஒரு தளம் கூடும்போது அதைக் கூட்டியவருக்கு வாடகை கூடுகிறது, அங்கே வேலை பார்ப்பவருக்கும் ஏணிக்குமுள்ள தூரம் கூடுகிறது.

இவற்றுக்கு நேர்மாறாக 2022 மே 13 அன்று தில்லி முண்ட்காவில் எரிந்தது நான்கு மாடிக் கட்டடம்தான். எந்த விதிப்படியும் அதை வானளாவி என்று சொல்ல முடியாது. 27 பேர் இறந்தனர். வெளியேற ஒரே படிக்கட்டு. அவ்வழியே வந்த கிரேன் ஒன்றின் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கண்ணாடிச் சுவரை உடைத்துப் பலரைக் கீழிறக்கினார். ஏணி எட்டும் உயரம்தான், ஏணி வரும் வரை காத்திருக்க முடியாத நிலைமை. சென்னை ரங்கநாதன் தெருவில் 2008 செப்டம்பரில் ஒரு பெரிய கடை எரிந்து ஊழியர் இருவர் இறந்தபோது, அந்தத் தெருவை அறிந்த எவருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதுச்சேரியை நினைக்கும்போது நம் மனம் அடிக்கடி திரும்புவது கலச மகாலுக்கு. சேப்பாக்கம் அரண்மனையின் பகுதி அது, ஆர்க்காட்டு நவாபுக்காக 1768இல் எழுந்தது. ஏறத்தாழ லோரிஸ்தோன் புதுச்சேரியை மறுபடி கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். பின்னாளில் அரசு அலுவலகமாயிற்று. நவாபின் கூடத்தில் மரத் தடுப்புகளும் இரும்பு அலமாரிகளும் கோப்புக் கட்டுகளும் நிறைந்தன. 2012 சனவரி 16, பொங்கல் விடுமுறையில், அது தீப்பற்றியது. எட்டாத உயரம் எதுவும் அங்கே இல்லை, சுற்றிலும் வெளி வேறு. தீயணைக்க உள்ளே சென்ற வீரர் அன்பழகன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயமுற்றார். பழைய கட்டடம் எரியும்போது ஏணியின் நீளம் முதல் கேள்வியாக இருப்பதில்லை. தளத்தைத் தாங்கும் மரம் இன்னும் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதே கேள்வி.

புதுச்சேரியின் பழைய வீடுகள் பலவற்றிலும் இதே மெட்ராஸ் தளம்தான். மர உத்தரங்களை வரிசையாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திவைத்து அடுக்கி, மேலே காரை பூசுவார்கள். நூறாண்டு, நூற்றைம்பதாண்டு நிற்கும். நீர் கசிந்தாலோ நெருப்புத் தொட்டாலோ உத்தரம் உள்ளேயே பலமிழக்கும், மேலே கிடக்கும் பாரம் அப்படியே இருக்கும். கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்ததை ஊர் பார்த்தது. அதே வடிவில் மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். தமிழர் பகுதி வீடுகளின் அமைப்பு இன்னொன்று. தெருவுக்குத் திண்ணையும் தாழ்வாரமும் காட்டி, குறுகிய முகப்போடு பின்னோக்கி நீளமாகப் போகும். பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு பொது. வானம் தெரிவது முற்றத்தில் மட்டும். குடும்பம் வாழும் வரை அந்த முற்றம் புகைபோக்கியாகவும் காற்றுவழியாகவும் இருந்தது. வீட்டை அலுவலகமாக மாற்றுகிறவர் முதலில் செய்யும் வேலை முற்றத்துக்குக் கூரை போட்டு ஏ.சி. பொருத்துவது. கட்டடத்தின் உயரம் ஓர் அடிகூடக் கூடுவதில்லை, எனவே உயரக் கட்டுப்பாட்டுக்கு அங்கே பேச இடமில்லை. தப்பிக்கும் வழி மட்டும் மூடப்பட்டுவிடுகிறது.

பூலவார் வட்டத்துக்குள் உயரம் பற்றிய வழக்கு இங்கே முடிவதேயில்லை. மரபைக் காக்க விழைவோர் தெருவின் அழகு கெடும் என்கிறார்கள். வைசியாள் வீதியில் வரிசை வீடுகளின் முகப்பைச் சீரமைத்து 2008இல் யுனெஸ்கோ விருது பெற்றதை அவர்கள் எடுத்துக்காட்டுவது நியாயமே. மனைக்கு உரியவர்களோ, அடுத்தவன் கண்ணுக்கு அழகாயிருக்க என் சொத்து ஏன் குனிந்து நிற்கவேண்டும் என்கிறார்கள். இதுவும் கேட்கத்தக்க கேள்விதான். இரு தரப்பும் முகப்பைப் பற்றியே பேசுகின்றன. 1783இன் பாரிசு ஆணையை எழுதியவர் யாராயினும், அவர் பார்த்தது முகப்பை மட்டும் அன்று, அதன் எதிரே கிடந்த வெற்றுத் தெருவையும். அந்தத் தெருவை இன்று வாகனம் நிறுத்துமிடமாகவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையாகவும் எண்ணிப் பழகிவிட்டோம். ஞாயிறு சந்தையில் பழைய புத்தகம் தேடி அலைகிறவர்களில் நாமும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு நெடுநல்வாடை நடத்தி முடித்த வாரத்தில் மாணவர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு, முன்பு புகை வாசனை எழுந்த அந்தக் கட்டடத்தின் தெருவுக்குப் போனோம். வேலை நாள், முற்பகல் பதினொரு மணி. இருபுறமும் நின்ற வண்டிகளுக்கு நடுவே எஞ்சியிருந்த இடத்தை நாடா பிடித்து அளந்தோம். தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர் என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தோம். ஒரு சாண் குறைந்தது. நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்த மாணவி மறுபடி அளக்கலாம் என்றார். மறுபடியும் அதே சாண். அதற்குள் மேலேயிருந்து இறங்கி வந்த பழைய ஊழியர் நம்மை அடையாளம் கண்டுகொண்டு அருகில் வந்தார்.

"என்ன சார் அளக்குறீங்க, ரோடு போடப் போறாங்களா?"